தங்க டிக்கியும் இடது சிக்னலும்

கண்ணாடிக் கடையில் மூக்கு அளவெடுத்து ஃப்ரேம் மாட்டிவிடும் ஒரு மனிதரைத் தெருவே ஜிகினா என்று கூப்பிடுகிறதென்றால், அதற்கு முழுப் பொறுப்பு அவருடைய கார்தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

கை மாறிக் கை மாறி வந்த சின்ன கார் அது. வாங்கிய அன்று அது கார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு ஜிகினா கைவைத்தார். முன்பக்கம் நீல விளக்குச் சரம் ஏறியது. சக்கரத்துக்கு வெள்ளி மூடி. இண்டிகேட்டர் போட்டால் கிளி கத்தும்படி ஒரு பெட்டி. கடைசியாக டிக்கியின் உட்புறம் முழுக்கத் தங்க நிறப் பெயிண்ட். "டிக்கிய யாரு பாக்கப் போறா?" என்று கேட்ட மனைவிக்கு, "உள்ளழகுன்னு ஒண்ணு இருக்கும்மா" என்று பதில் சொன்ன தத்துவஞானி அவர்.

அவருடைய பொறியியல் கொள்கை ஒரே வரியில் அடங்கும்: குறை தெரிந்தால் எதையாவது கூட்டு. ஹெட்லைட் மங்கலாக எரிந்தபோது கண்ணாடியைத் துடைக்கவில்லை, பக்கத்தில் இன்னும் இரண்டு விளக்கு வைத்தார். ஹாரன் கம்மியபோது அதைத் தொடவில்லை, துணைக்கு ஒரு ஹாரன் சேர்த்தார். காருக்குள் இருந்த ஒயர்கள் கூட்டுக் குடும்பம்போல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரியாமல் வாழ்ந்தன.

இத்தனை இருந்தும் அவர் இண்டிகேட்டர் போடுவதில்லை. திரும்புவதென்றால் ஜன்னல் வழியே கையை நீட்டுவார். காரைப் பார்ப்பதும் எப்போதும் முன்னாலிருந்துதான், மாப்பிள்ளையைப் பார்ப்பது போல. பின்னால் நின்று பார்த்தவரில்லை.

இந்தக் காரில்தான் அவர் மனைவி ஓட்டுநர் தேர்வுக்குப் போய் இரண்டு முறை தோற்றார்.

அந்த அம்மாள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். முதலாளியம்மா சொல்லியிருந்தார்: வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் பொறுப்பை உனக்கே தருகிறேன், வண்டி நிற்கிறது, லைசென்ஸ் மட்டும் கொண்டு வா. அடுத்த முறையும் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். அதில் கோபமில்லை. நோயாளிகள் காத்திருக்க மாட்டார்களே.

இரண்டு முறையும் தேர்வு அதிகாரி மைதானத்தின் ஓரத்தில், காருக்குப் பின்னால் நின்றுகொண்டு எழுதியது ஒரே வாசகம்: சைகை தெளிவில்லை. ஜிகினா இதற்கு உடனே உரை எழுதினார்.

"பதட்டத்துல இடது வலது மாத்திப் போட்டிருப்ப. பொம்பளைங்களுக்கு அது சகஜம்."

"நான் இடதுதாங்க போட்டேன்."

"போட்டதா நினைச்சிருப்ப."

திரும்பத் திரும்பச் சொன்னால் எறும்பு ஊரக் கல்லும் தேயும். அந்த அம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. துணி மடிக்கும்போது "இது இடது, இது வலது" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். ஊசி குத்தும் கையில் ஒருநாளும் நடுக்கம் வராதவர், ஸ்டியரிங் பக்கத்துக் குச்சியைத் தொடும்போது மட்டும் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது தேர்வுக்கு முந்தைய நாள், விடுமுறை. அந்த அம்மாளின் தம்பி வந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். மரியாதைக்கு வந்தவன், மாமா வழக்கம்போலக் காரின் முன்னால் நிறுத்திப் பெருமை பேசியதால் தப்பித்துப் பின்பக்கம் போனான். அக்கா உள்ளே உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இடது போடு."

கிளி கத்தியது. பின்னால் இடப்பக்க விளக்கு பேய் பிடித்ததுபோல் படபடத்தது. வலப்பக்க விளக்கும் மங்கலாகக் கூடவே படபடத்தது.

"இப்ப வலது போட்டியா?"

"இல்லடா. இடதுதான்."

"அப்படியே பிரேக்க மிதி."

எல்லா விளக்குகளும் ஒருசேர அரைகுறையாக எரிந்தன. தம்பி தலையைச் சொறிந்தான்.

"மாமா, உங்க கார் எந்தப் பக்கம் போறதுன்னு ஓட்டுப் போட்டுல்ல முடிவு பண்ணுது."

அக்கா இறங்கி வந்து பின்னால் நின்றார். தம்பி உட்கார்ந்து போட்டுக் காட்டினான். அக்கா தன் இடது கையை மட்டும் ஒருமுறை பார்த்தார், தொலைந்து கிடைத்த பிள்ளையைப் பார்ப்பது போல.

ஜிகினா அதற்குள் அலமாரியிலிருந்து புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். "பின்கண்ணாடியில பெருசா அம்புக்குறி விளக்கு. மாட்டிட்டா குழப்பமே இல்ல."

"உள்ள வைங்க அதை," என்றார் மனைவி. "லேப்ல ரிசல்ட் தப்பா வந்தா புது மெஷின் வாங்க மாட்டோம். ஒவ்வொண்ணா கழட்டிப் பாப்போம். நீங்க சேத்ததெல்லாம் வெளிய வரட்டும்."

"எல்லாமுமா?"

"கிளியில ஆரம்பிங்க."

கிளி மௌனமானது. நீல விளக்குச் சரம் இறங்கியது. ஒவ்வொன்று கழன்றபோதும் ஜிகினா முகம், மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தகப்பன் முகமாக இருந்தது. படபடப்பு மட்டும் நிற்கவில்லை. முன்பக்க இண்டிகேட்டரில் அவர் மாட்டியிருந்த எல்.இ.டி. பல்பைத் தம்பி வெளியே எடுத்தான்.

"இது கரண்ட் ரொம்பக் கம்மியா இழுக்கும் மாமா. இண்டிகேட்டர விட்டு விட்டு எரிய வைக்கிற ரிலே என்ன நினைக்கும்? பல்ப் ஃப்யூஸ் போச்சுன்னு நினைச்சு அவசரமா அடிச்சுக்கும். பழைய பல்ப் எங்க?"

ஜிகினா எதையும் தூக்கிப் போடுகிறவரல்ல. பழைய பல்புகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், துடைக்கும் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தன. மாட்டியதும் விளக்கு நிதானத்துக்கு வந்தது. ஆனால் பின்னால் இரண்டு பக்கமும் எரிவது அப்படியேதான் இருந்தது.

தம்பி டிக்கியைத் திறந்து, தங்கம் கண்ணைக் கூசச் செய்ய ஒருகணம் நின்றான். பின்விளக்குகளின் எர்த் ஒயர் எல்லாம் சேர்ந்து ஒரே ஸ்க்ரூவில் முடிந்திருந்தது. அந்த ஸ்க்ரூ காரின் தகட்டோடு ஒட்டியிருந்தால்தான் கரண்ட் வந்த வழியே திரும்பும்.

"இந்த ஸ்க்ரூவக் கழட்டிட்டா பெயிண்ட் அடிச்சீங்க?"

"பின்ன? அதுக்கடியில விட்டா துருப்பிடிக்காதா? அங்க மட்டும் மூணு கோட்டிங்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா கணவரைப் பார்த்தார். ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை ஸ்க்ரூவிலும் மறுமுனையைப் பெயிண்ட் படாத பூட்டிலும் தம்பி வைத்துப் பிடித்தான். இடது விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது. வலது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

"இவ்வளவுதான் மாமா. பெயிண்ட் மறிச்சதுல கரண்டுக்குப் போக வழியில்ல, பக்கத்து வீட்டுக்குள்ள பூந்து போயிருக்கு. சுரண்டணும்."

கழற்றியதையாவது அலமாரியில் வைக்கலாம், சுரண்டியதை எங்கே வைப்பார் ஜிகினா? "ரொம்பச் சுரண்டாதடா," என்றார். மனைவி தம்பி கையிலிருந்த உப்புத்தாளை வாங்கிக்கொண்டார். "நான் பாத்துக்கறேன். வலிக்காம எடுக்கறதுதானே என் தொழிலே." காசளவுக்குத் தகடு வெள்ளையாகத் தெரிந்தது. ஸ்க்ரூ ஏறியது.

மறுநாள் மைதானத்தில் அதே அதிகாரி. ஓட்டிக் காட்டி முடித்துக் கார் நின்றதும் அருகே வந்து, காரைச் சுற்றிப் பார்த்தார்.

"போன தடவை வேற கார்லயாம்மா வந்தீங்க?"

"இதே கார்தான் சார். உடம்பு சரியில்லாம இருந்துச்சு."

அவர் கையெழுத்துப் போட்டார். வேலிக்கு வெளியே நின்ற ஜிகினா அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதில், பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தாராம்.

வீட்டுக்கு வரும்போது மனைவிதான் ஓட்டினார். ஜிகினா பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன்ல, உன் மேல தப்பு இருக்காதுன்னு."

அந்த அம்மாள் சிரித்தார். சண்டை போடலாம்தான். ஆனால் மனசு அத்தனை லேசாக இருக்கும்போது அதைப் போய்க் கனமாக்குவானேன்? விரலைப் பார்க்காமலே குச்சியைத் தட்டினார். டிக், டிக் என்று நிதானமாக இடப்பக்கம் மட்டும் அடித்தது. இடப்பக்கமே திரும்பினார்.

அந்த வாரக் கடைசியில் ஜிகினா டிக்கியைத் திறந்து, அந்தக் காசளவு வெள்ளையை வெகுநேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்த் தேடினார்.

"அந்தத் தங்கப் பெயிண்ட் டப்பா எங்கம்மா?"

"லேப்ல இருக்கு. அங்க ஒரு ஸ்டூலு துருப்பிடிச்சுப் போச்சு, அதுக்கு அடிச்சாச்சு."

இன்றும் அந்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் தங்கக் கால் வைத்த ஸ்டூலில்தான் உட்காருகிறார்கள்.