துடைத்துவிட்டுக் காத்திருந்த அண்ணி

குழாய்த் தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்த அன்று அவன் கையுறையின் கட்டைவிரலில் ஓட்டை. மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால் அவன் பெட்டிமேல் வேறொரு ஜோடி இருந்தது. கம்பெனி கொடுத்ததென்று நினைத்துக்கொண்டான். அன்று முழுக்க அவன் அண்ணி வெறுங்கையோடு குழாய்களைத் தடவிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

அண்ணிக்கு அங்கே பரிசோதனை வேலை. பற்றவைத்த குழாயில் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, பற்றவைத்த இடத்தின் மேல் சுண்ணத்தூளைத் தடவுவாள். எங்காவது கசிந்தால் தூள் கறுத்துவிடும். ஆண்டவன் அவளுக்குப் பொறுமையைத் தாராளமாகவே அளந்திருந்தான். தோளில் எப்போதும் துணி கிடக்கும். துணியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அவன் பற்றவைத்த குழாய் கசிந்து திரும்பியது. இன்னொன்று திரும்பினால் வெல்டிங்கிலிருந்தே எடுத்துவிடுவேன் என்றார் ஃபோர்மேன். அவனுடைய அடுத்த குழாய் பரிசோதனை மேடை ஏறியது. பார்த்தால் மேலெல்லாம் ஈரம்.

"அண்ணி, இது வேர்வை. உள்ள பச்சத்தண்ணி, வெளிய மழைக்காத்து. வேர்க்காம என்ன செய்யும்?"

"அதவிட உனக்குத்தான் அதிகமா வேர்க்குது. உட்காரு. வேர்வைன்னா காயும்."

துடைத்தாள். தண்ணீரின் குளிர் விடும்வரை காத்திருந்தாள். மறுபடி துடைத்துத் தூள் தடவினாள். குழாய் காய்ந்துதான் இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் கடுகளவு கறுப்பு.

அவன் குரலைத் தாழ்த்தினான். "கண்டுக்காம விட்டுடுங்க அண்ணி. நான் வீட்டு ஆளுதானே."

"வீட்டு ஆளுன்னுதான் ரெண்டு தடவ துடைச்சேன்," என்று சொல்லிக் கசிந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டாள்.

போட்ட கையோடு ஃபோர்மேனிடம் போனாள். "சார், ஓட்டை எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. போட்டவனே அடைக்கட்டும், நான் பக்கத்துல நிக்கிறேன். திரும்பக் கசிஞ்சா உங்க இஷ்டம்."

அவர் முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார். அவன் அந்த இடத்தை அரைத்தெடுத்து, மறுபடி பற்றவைத்தான். அண்ணி வழக்கத்தைவிட அதிக நேரம் அழுத்தத்தில் வைத்துப் பார்த்தாள். தூள் வெள்ளையாகவே இருந்தது. அவன் வேலை பிழைத்தது.

ஆனாலும் சில நாள் வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவள் எதுவும் நடக்காததுபோல, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ," என்று பரிமாறினாள். அவனே ஒருநாள் ஒரு துணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அதன்பின் துடைத்துப் பார்க்காமல் எந்தக் குழாயையும் மேடைக்கு அனுப்பவில்லை.

ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குக் கிளம்பிய அண்ணியை அவன்தான் பஸ் ஏற்றிவிட்டான். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பஸ் நகரும்போது ஜன்னலில் குனிந்து சொன்னாள்:

"தம்பி, அந்தக் கையுறை என்னோடது. இந்நேரம் கிழிஞ்சிருக்கும், திருப்பிக் கேக்கல. மழ நாள்ல மட்டும் அவசரப்படாத."