ஒட்டாத படம்

ஒரு பெண்ணின் நல்ல நுரையீரலில் ஊசி குத்த வைத்தவன் நான். குத்தியது வேறொரு கை... இடம் காட்டியது என் படம்!

கீழ்க்கட்டளையில் ஒரு ஸ்கேன் மையத்தில் எனக்கு வேலை. உடம்பின் அமைப்பைக் காட்டும் படத்தின்மேல், நோய் உள்ள இடம் ஒளிரும் படத்தைப் பொருத்துவேன். கறுப்பு வெள்ளையின்மேல் ஆரஞ்சு ஏறியதும் எவ்வளவு அழகு! நீங்களும் அதைப் பார்த்து வாயைப் பிளப்பவர்தானே? கலர் இருந்தால் உண்மை என்று நம்பிவிடுகிற கூட்டம்... மருத்துவர்களும் அதில் சேர்த்திதான்.

சரசு அக்கா மீன் விற்பவர், கடற்கரைக் குப்பத்துக்காரர். இரண்டு படத்துக்கும் அவர் ஒரே மாதிரி மெதுவாக மூச்சு விட்டிருக்க வேண்டும். நானோ, சாதாரண நெஞ்சுப் படம் எடுக்கிற வாய்ப்பழக்கத்தில், முதல் படத்துக்கு "நல்லா இழுத்து மூச்சப் புடிக்கா" என்றேன். பிடித்தார். நுரையீரல் விரிந்து ஈரலைக் கீழே தள்ளிவிட்டது. அடுத்த படத்துக்குச் சும்மா மூச்சு விட்டபடி படுத்திருந்தார். இரண்டையும் பொருத்தினால், ஈரலின் உச்சியில் ஒளிர்ந்த நோய்ப் புள்ளி நுரையீரலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்குத் தெரியாதா? தெரிந்தது! ஈரலின் விளிம்பு இரண்டு படத்தில் இரண்டு இடத்தில் நின்றது. முதல் படத்தை மட்டும் மறுபடி எடுத்திருந்தால் போதும். சோம்பல்... இதற்கு வேறு கௌரவமான பெயர் தேடாதீர்கள். அப்படியே அனுப்பிவிட்டேன்.

நுரையீரலில் ஊசி குத்தித் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. சரசு அக்கா அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாராம்! ஈரலில் இருந்தது கேட்பாரின்றி வளர்ந்தது.

சில மாதம் கழித்து, கண்ணெல்லாம் மஞ்சளாக மறுபடி வந்தார். பழைய படம் சரியாகப் பொருந்தவில்லை, அப்போதே ஈரலில்தான் இருந்திருக்கிறது என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

"போன தபா நான்தான் ஒய்ங்கா மூச்சு புடிக்கல போல கீது தம்பி. அதான் படம் தப்பாயிட்ச்சா?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு எந்த அயோக்கியனுக்குக் கிடைக்கும்?

"ஆமாக்கா... கொஞ்சம் அசைஞ்சிட்டீங்க."

"உன் வேலய கெடுத்துட்டேனே. மனசுல வச்சிக்காத தம்பி."

"பரவால்லக்கா" என்றேன்.

பார்த்தீர்களா... நான் அவரை மன்னித்துவிட்டேன்!