புளோரன்ஸுக்குப் போகாத நாலு நாள்

எண்பத்தேழாம் ஆண்டு மாசி மாசம், ரொறன்ரோவில நடந்தது. அப்ப நான் ஸ்காபரோவில ஒரு அப்பார்ட்மென்ற்றில அஞ்சு பெடியளோட இருந்தன். பிளாஸ்டிக் வாளி செய்யிற ஃபக்டரியில வேலை. வாளிக்குக் கைபிடி பூட்டுறதுதான் என்ர உத்தியோகம். எட்டாம் வகுப்போட நான் படிப்பை விட்டனான் எண்டு சொல்லித் திரியிறனான். உண்மையில படிப்புத்தான் என்னை விட்டிட்டு ஓடினது.

ஃபக்டரியில கிறிஸ்மஸ் நத்தாருக்குப் பேர் எழுதிக் குலுக்கினவை. என்ர பேர் விழுந்திட்டுது. பரிசு என்னெண்டா, இத்தாலியில புளோரன்ஸ் எண்ட ஊரில நாலு நாள், ரெண்டு பேருக்கு. அஞ்சு நட்சத்திர ஹோட்டல், பிளேன் ரிக்கெற், எல்லாம் சும்மா. கூடவே ஒரு வழுவழுப்பான புத்தகம் தந்தவை. சிலையும் ஓவியமுமா நிறைஞ்ச ஊராம். முதல் பக்கத்திலயே உடுப்பில்லாத ஒரு கல்லு மனுசன் நிக்கிறான். அறையில சாமிப்படம் இருந்தபடியா அவனை மெத்தைக்குக் கீழ வைச்சிட்டன்.

சிலை பாக்கவே நான் போறன்? என்ர மனிசி அப்ப யாழ்ப்பாணத்தில. மகள் நான் வெளிக்கிட்டு நாலாம் மாசம் பிறந்தவள். மூண்டு வருசமா மனிசியின்ர கையெழுத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தன், மகளைப் படத்தில மட்டும். என்ர அகதிக் கேஸ் முடிஞ்சு பேப்பர் வந்தாத்தான் அவையைக் கூப்பிடலாம். அது எப்ப எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கெண்டு பரிசு விழுந்தோடன எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கீட்டுது. ரெண்டாவது ரிக்கெற்றைக் கொழும்பில இருந்து எழுதச் சொல்லுவம், பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு வரட்டும், நாலு நாள் ராசா ராணி மாதிரி இருப்பம்.

விசா, பாஸ்போட் ஒண்டையும் நான் யோசிக்கேல்லை. நாங்கள் ஏஜென்ற் கூட்டிக்கொண்டு வந்த ஆக்கள். அதெல்லாம் வேற ஆற்றையோ வேலை எண்டுதான் எங்கட நினைப்பு. அறையில ஏ.எல். வரைக்கும் படிச்ச அண்ணை ஒருத்தர் இருந்தார். எங்களுக்கு அவர்தான் லோயர். என்ர வேர்க் பெர்மிட்டை லைற்றுக்குப் பிடிச்சுப் பாத்திட்டு, "கனடா அரசாங்கம் சீல் குத்தினதெல்லே உது. போகலாம், வரலாம், ஒருத்தனும் கேளான்" எண்டிட்டார்.

பேந்தென்ன, பில்டிங் முழுக்கக் கதை பரவீட்டுது. மேல் மாடி அன்ரி சூரிச்சில இருக்கிற தம்பியாருக்கு மிளகாய்த்தூள் கொண்டுவந்து தந்தா. இத்தாலியில இருந்து சூரிச் எவ்வளவு தூரம் எண்டு கேட்டன். ஒரு பஸ் எடுத்தாச் சரியாம். இன்னொருத்தர் பெர்லினுக்குக் கொண்டுபோகச் சொல்லி, பனங்கிழங்கைக் காயவைச்சு இடிச்ச ஒடியல் மா தந்தார். ராசா ராணி நாலு நாளும் பார்சல் குடுத்துத் திரியவேண்டிய நிலைமை.

ஒரு சனிக்கிழமை, இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஃபக்டரிக்காரர் சொன்ன ட்ராவல் ஏஜென்சிக்குப் போனன். அங்க ஒரு வயசான வெள்ளைக்கார மனிசி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில தொங்கவிட்டுக்கொண்டு இருந்தா. பரிசுக் கடுதாசியைப் பாத்துச் சிரிச்சுக் கைதந்தா. ரெண்டாவது ஆள் ஆரெண்டு கேட்டா. பேர்ஸில இருந்த படத்தைக் காட்டினன். என்ர மனிசி கதிரையில இருக்கிறா, பிள்ளை மடியில முழிச்சுக்கொண்டிருக்கிறாள்.

பிறகு அந்த வெள்ளைக்கார மனிசி பாஸ்போட் கேட்டா. வேர்க் பெர்மிட்டைக் குடுத்தன். இது இல்லை, பாஸ்போட் எண்டா. நான் மரியாதையா, எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷில, வரேக்க ஏஜென்ற் சொன்னபடி அதைக் கிழிச்சுப் பிளேன் ரொய்லெட்டுக்குள்ள போட்டனான் எண்டு விளங்கப்படுத்தினன். பேப்பர் எங்க எண்டு கேட்டா அப்பிடித்தானே உண்மையைச் சொல்லவேணும்.

வெள்ளைக்கார மனிசி ரைப்ரைற்றரில இருந்து கையை எடுத்திட்டா. பின்னுக்கு இருந்த மனேஜரை ஒருக்காத் திரும்பிப் பாத்தா. பிறகு போனை எடுத்து ஆரோ தெரிஞ்ச லோயரோட, என்ர பேர் சொல்லாமல், இப்பிடிப் பேப்பர் உள்ளவர் வெளிநாடு போனா என்ன நடக்கும் எண்டு கேட்டா. கனநேரம் கேட்டுக்கொண்டு இருந்தா. போனை வைச்சிட்டு ஆறுதலாச் சொன்னா.

"போகலாம். ஒருத்தரும் மறிக்கமாட்டினம். திரும்பி வரத்தான் விடமாட்டினம்."

எனக்கு விளங்கேல்லை. விளங்கினது ஒண்டுதான், என்ர மனிசியையும் பிள்ளையையும் பாக்கவிடாமல் இவ குறுக்க நிக்கிறா. கத்தத் தொடங்கீட்டன். உங்கட நல்ல ஹோட்டலில கறுவல் வந்து படுக்கிறது பிடிக்கேல்லை, அதுதானே எண்டு கேட்டன். மனேஜர் எழும்பி வந்தார். வெள்ளைக்கார மனிசி அவரைக் கையால நிப்பாட்டிப்போட்டு, என்ர மனிசியின்ர படத்தை எடுத்துக் கடுதாசிக்கு மேல வைச்சா.

"நானும் இத்தாலிதான். என்ர மனுசன் முதல் இங்க வந்தவர். நான் ஊரில நாலு வருசம் அவரைப் பாத்துக்கொண்டிருந்தனான். ரெண்டாம் வருசம் அவர் எல்லாத்தையும் விட்டிட்டு என்னைப் பாக்க வந்திருந்தா, அப்ப எனக்குப் பெரிய சந்தோசமாத்தான் இருந்திருக்கும். பிறகு நாங்கள் ரெண்டு பேரும் அங்கயே கிடந்திருப்பம்."

அவ ரிக்கெற் எழுதேல்லை. நானும் படத்தை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டன். கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு சொறி கூடச் சொல்லேல்லை. பஸ் ஸ்டொப்பில கோட்டுக்கொலரை இழுத்து மூஞ்சையை மூடிக்கொண்டு அழுதன். பக்கத்தில நிண்டவர் குளிர் எண்டு நினைச்சு மூக்குத் துடைக்க ரிசுப் பேப்பர் தந்தார்.

பரிசு வேற ஆருக்கோ போச்சு. பார்சல் எல்லாத்தையும் வீடுவீடாத் திருப்பிக் குடுத்தன். ஒடியல் மா குடுத்தவர் இன்னும் என்னில கோவம்.

எனக்குப் பேப்பர் வந்து, அவையள் ஏர்போட்டில வந்து இறங்க எண்பத்தொன்பது கடைசியாப் போச்சு. அஞ்சு வயசு மகள் தாயின்ர சீலைக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு, "ஆரம்மா உந்த மாமா?" எண்டு கேட்டாள். மாமாவோ சிரிக்கிறதோ அழுறதோ தெரியாமல் நிண்டார். அதில நிக்கேக்க அந்த இத்தாலி மனிசியின்ர ஞாபகம் வந்திட்டுது. அண்டைக்கு அவ ரிக்கெற்றை எழுதித் தந்திருந்தா அவவை ஒருத்தரும் குறை சொல்லியிருக்கமாட்டினம், ஆனா இவையள் இங்க வந்து இறங்கியிருக்கமாட்டினம்.

அடுத்த கிழமை அந்த ட்ராவல் ஏஜென்சிக்குப் போய்ப் பாத்தன், அவ வேலையை விட்டுப் போயிருந்தா. சொல்லாமல் விட்ட அந்தச் சொறி இன்னும் என்னட்டத்தான் கிடக்குது. அதுக்குப் பிறகு ஆராவது முகத்துக்கு நேர ஏலாது எண்டு சொன்னா, எனக்குக் கத்துறதுக்கு வாய் வரும். ஆனா இப்ப ஒருக்கா மூச்சை இழுத்துப்போட்டு, ஏன் எண்டு கேக்கிறன்.