கலின் அளந்த கசிவு

கலினை நான் முதன்முதலில் சந்தித்தபோது அவருடைய முழங்கை என் தொண்டைக்குழியில் இருந்தது.

டிசம்பர் மாதத்தின் கடைசி வேலை நாள். புர்காஸ் துறைமுகத்து மீன் கிடங்கு அந்த வருடம் எவ்வளவு குளிரூட்டும் வாயுவை வெளியே விட்டது என்று அளந்து எழுதப் போயிருந்தேன். உருளைகள் எத்தனை வாங்கினார்கள், எத்தனை மிச்சம் என்று பார்த்து, நடுவில் காணாமல் போனதையெல்லாம் கசிவு என்று எழுதுவதுதான் அங்கே வழக்கம். காணாமல் போனது இருபத்தாறு உருளை, முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அந்த வாயு ஒரு கிலோ கசிந்தால் நாலாயிரம் கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். இதைக் கம்ப்ரசர் அறையில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்தான் அங்கே மெக்கானிக், கலின் என்பது எனக்குத் தெரியாது.

"என் மெஷின் வயித்துல மொத்தமே இருநூறு கிலோதான்டா பிடிக்கும். முந்நூறு கசிஞ்சிருந்தா உள்ள கிடக்கிற கானாங்கெளுத்தி எல்லாம் நாறி ஊரையே தூக்கியிருக்கும்" என்றார்.

கைநீட்டுவது அவருக்குப் புதிதல்ல. பதினெட்டு வருடம் மீன்பிடிக் கப்பல்களில் குளிர்மெஷின் பார்த்தவர். மட்டமான வால்வு விற்ற ஒருவனின் தாடையைப் பெயர்த்து நாலு மாதம் உள்ளே இருந்தவர். மனைவி விட்டுப் போனதும் அந்தக் கையால்தான். மிச்சமிருந்தது வாயுவைக் கையாளும் உரிமம் ஒன்று. இவ்வளவு கசிவு என்று பதிவானால் அதையும் பிடுங்கிவிடுவார்கள்.

தொண்டையை விட்டதும் என்னைச் சுவருக்குத் திருப்பினார். மெஷினில் வாயு நிரப்பும்போதெல்லாம் உருளையை மீன் தராசில் முன்னும் பின்னும் நிறுத்து, குறைந்த எடையைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தார். கப்பலில் பழகியது. கூட்டினால் அறுபது கிலோ, ஐந்தே உருளை. மற்ற இருபத்தொன்று அந்த அறைக்கு வரவே இல்லை. உருளைகள் வருவது ஸ்டோர் கீப்பர் ராதோய் கை வழியாக. மேலாளர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இந்தச் சுவரையே கணக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அவரை அழைத்துவர ஓடினேன். அதற்குப் பிறகு நடந்தது கலின் சொல்லித்தான் தெரியும்.

நான் போன சுவடு மறையுமுன் ராதோய் ஒரு வாளித் தண்ணீருடன் உள்ளே வந்தான்.

"காத்துல போச்சுன்னு எழுதிட்டா முடிஞ்சுதுண்ணே. ஆகாசமா வந்து புகார் கொடுக்கப் போகுது?"

"உன் திருட்டு உன்னோட. என் மெஷின் கசியாது."

ராதோய் தண்ணீரை வீசினான். மேலே இரண்டு வரி கரைந்து ஒழுகியது. கலினின் நெற்றி அவன் மூக்கில் மோதியது. எலும்பு நொறுங்கியதைத் தன் மண்டைக்குள் கேட்டதாகச் சொன்னார். ராதோய் ஸ்பேனரை எடுத்து அவர் காதோடு சேர்த்து இறக்கினான். இரத்தம் கண்ணை மறைத்தது. இன்னொரு அடி தோளில். அவர் விழாததைக் கண்டு, அடுத்து நிரப்பத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்த, மிச்சக் கணக்கில் சேர்ந்த ஆறாவது உருளையின் வால்வை ஸ்பேனரால் திருகி, அவர் பக்கம் திருப்பிவிட்டான்.

வாயு திரவமாகவே பீய்ச்சியது. கலின் அவன் கழுத்தை ஏற்கெனவே பிடித்திருந்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அறைக்குள் சீறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கழுத்தை விட்டார். பீய்ச்சலுக்குள் வெறுங்கையை நுழைத்து, விரல்கள் வெளுத்து வால்வோடு ஒட்டிக்கொள்ள, திருகி அடைத்தார்.

நானும் மேலாளரும் வந்தபோது ராதோய் வாசலில் மூக்கைப் பிடித்தபடி கிடந்தான். கலின் உருளையைத் தராசில் ஏற்றியிருந்தார். பன்னிரண்டு கிலோ இருந்தது பத்தாகியிருந்தது. இடது கையால் சுவரில் கோணலாக ஒரு இரண்டு எழுதினார்.

"அண்ணே, முதல்ல கையைக் காட்டுங்க" என்றேன்.

"கரைஞ்ச ரெண்டு வரியும் ஆறு, ஆறு. அறுபத்திரண்டுன்னு எழுது. இது என் ரூம்ல கசிஞ்சதுதான்."

அப்படியே எழுதினேன். மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

இருபத்தொரு உருளைகளைத் திருடியதற்காக ராதோய் சிறையில் இருக்கிறான். கலின் அதே கிடங்கில், அதே உரிமத்தோடு வேலை பார்க்கிறார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. ராதோயின் மூக்கை உடைத்த வழக்குக்கு இன்னும் நீதிமன்றம் போய் வருகிறார்.