தார் சுடாத பெரிய வெள்ளி

எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு தவக்காலம் வரும். அக்காவின் நீரிழிவுக் கிளினிக்குக்கு முந்திய வாரம் அது. சீனி டின் குசினி அடுப்படியிலிருந்து அலுமாரியின் மேல்தட்டுக்குப் போகும். காலையில் ஒரு பிடி குரக்கன் புட்டு. மத்தியானம் தேநீர்க் கோப்பை அளவு சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, தேங்காய்ப்பால் விடாத மீன்குழம்பு. பின்னேரம் சீனியில்லாத வெறும் தேத்தண்ணி.

அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இறந்தபின் லிங்கநகரில் என்னோடு இருந்தார். அந்த வாரத்தில் ஒரு பிஸ்கட்டைக்கூடத் தொடமாட்டார். அவருக்கு அது ஒறுத்தல். ஒறுத்தல் என்றால் ஒரு நாள் முடியும், முடிந்ததும் விருந்து வரும். கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பார். முடிவு நன்றாகவே இருக்கும். திரும்பும் வழியில், துறைமுகப் பக்கம் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவரின் தேத்தண்ணிக் கடையில் உயிர்ப்புப் பெருவிழா: டின்பால் விட்ட தேத்தண்ணி, இரண்டு சீனிச்சம்பல் பணிஸ். கடைக்காரர் கோப்பையைக் கழுவியபடியே கேட்பார்.

“என்ன டீச்சர், பாஸா பெயிலா?”

“நான் எப்ப பெயில் விட்டனான், நானா?”

“எங்களுக்கு வருசத்துக்கு ஒரு நோன்புதான். டீச்சருக்கு மாசத்துக்கு ஒண்டு.”

அதன்பின் அடுத்த கிளினிக் நெருங்கும்வரை கோதுமைப் பாணும் வெள்ளை இடியப்பமும் சொதியும். சீனி டின் இறங்கிவிடும். சாப்பாட்டை எல்லா நாளும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். சோதனைக்கு முதல்நாள் படித்துப் பாஸானவனும் பாஸ்தான் என்றார். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்தவர். மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை ஒன்றையும் கிளினிக்கில் செய்யச் சொல்லியிருந்தார்கள். பாஸாகிற பிள்ளைக்கு எதற்கு இரண்டாம் சோதனை என்று அதைத் தள்ளிப்போட்டார்.

பெரிய வெள்ளியன்று எங்கள் பங்குக் கோயிலின் சிலுவைப்பாதை வீதியால் போகும். அக்கா சிறுவயது முதல் வெறுங்காலுடன்தான் நடப்பார். அந்த வருடம் வெயில் கடுமை. தார் இளகிக் கிடந்தது. செருப்புப் போட்டிருந்த நானே ஓரத்துப் புல்லில் நடந்தேன். இளம் பெண்கள் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றார்கள். அக்கா நடுவீதியில், ஒரே சீராக, செபமாலையோடு நடந்துபோனார். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தபோது அவருடைய முகம் தெளிந்திருந்தது.

“இந்தமுறை தார் சுடவேயில்லையடா தம்பி. ஆண்டவர் எனக்கு இரங்கினவர்.”

ஞாயிறு காலையில் சீமெந்துத் தரையில் ஈரத்தடங்கள் இருந்தன. தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தேன். துணி மஞ்சளானது. தடங்கள் அக்காவின் கட்டிலடியிலிருந்து வந்தன. ஒவ்வொன்றும் வலது காலுடையது. பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். தோல் கொப்பளித்து, உடைந்து, உரிந்திருந்தது. நான் விரலால் தொட்டேன். அவர் பூசைக்குப் போட வேண்டிய சேலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். டொக்டர் இளம் பெண். கடிந்துகொள்ளவில்லை. மாதத்தில் ஒரு வாரம் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினால் அந்த வாரத்து இரத்தம் நன்றாகத்தான் இருக்கும் என்றார். மற்ற வாரங்களில் ஏறிய சீனி, வருடக்கணக்கில் கால் நரம்புகளை மெல்ல மெல்லச் சாகடித்திருக்கிறது. சூடு தெரியாமல் போனது அதனால்தான். புண் ஆறவில்லை. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே.

சத்திரசிகிச்சை முடிந்து கண்விழித்த அக்கா காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அப்ப அண்டைக்கு ஆண்டவர் இரங்கேல்லையா, தம்பி?”

நான் தலையணையைச் சரிசெய்தேன்.

இப்போது சீனி டின் வீட்டிலேயே இல்லை. தட்டில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால்வாசிக்குச் சோறு, மிச்சத்துக்கு மீன். கிளினிக்குக்கு முந்திய வாரமும் அதுதான், பிந்திய வாரமும் அதுதான். காப்பாற்ற வேண்டிய கால் இனி ஒன்றுதான் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பின்னேரமும் அதன் அடிப்பாதத்தை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். மூன்று மாதச் சீனி இப்போது இறங்கிவருகிறது. அதைக் கேட்டு அக்கா சிரித்ததில்லை. கிளினிக் முடிந்து வரும்போது கடைக்காரர் வெறும் தேத்தண்ணியை ஓட்டோவுக்கே கொண்டுவந்து தருவார். பாஸா என்று அவர் கேட்பதில்லை. முதல்முறை கோப்பையைக் கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் உள்ளே போய்விட்டார்.

இந்த வருடப் பெரிய வெள்ளியில் சிலுவைப்பாதை எங்கள் வீட்டு ஒழுங்கை முகப்பால் போனது. அக்காவைச் சக்கர நாற்காலியில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். ஒற்றைக் காலில் புதுச் செருப்பு. சனம் பாடிக்கொண்டு கடந்தது. அக்கா அவர்களுடைய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசை போனதும் என் பக்கம் திரும்பினார்.

“செருப்பைக் கழட்டிப்போட்டு ஒருக்கா மிதிச்சுப் பார். சுடுதோ?”

நான் மிதித்தேன். உடனே காலை எடுத்துவிட்டேன்.

“ஓம் அக்கா. சுடுது.”

“நல்லது,” என்றார். “செருப்பைப் போடு.”