எதிரில் உட்கார்ந்திருந்தவர்

காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டுச்சேலைக் கடையில், சேலை எடுக்க மாடிக்குப் போகும்போதெல்லாம் மேலாளர் பின்னால் வந்து உரசுவார். பொறுக்க முடியாமல் முதலாளியிடம் புகார் கொடுத்தேன். விசாரணைக்குப் போனால், எனக்கு எதிர் நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார்.

"சொல்லும்மா, என்னா நடந்துச்சு?" என்றார் முதலாளி.

மேலாளர் முன்னால் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாவற்றையும் நேரில் பார்த்த, கூட வேலை செய்யும் அக்காவைக் கேட்டார்கள். அவர் மேலாளரைப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணும் பாக்கல சார்" என்றார்.

வேலையும் போய் பேரும் கெட்டு வீட்டில் எப்படி நிற்பேன் என்று நினைத்தேன். செத்துவிடலாம் போலிருந்தது.

விசாரணைக் குழுவில் வெளியாளாக உட்கார்ந்திருந்த வக்கீலம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "இவரு எதுக்கு இங்க உக்காந்துக்கினு இருக்காரு? எல்லாரையும் தனித்தனியா கேக்கணும். அவரு சொல்றதையும் அப்புறம் கேப்போம்."

மேலாளரும் அக்காவும் வெளியே போனதும் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். அடுத்து அக்கா உள்ளே போனார். நெடுநேரம் கழித்து வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிட்டேன்மா. இனிமே எனக்கு இங்க வேலை இருக்குமான்னு தெரியல."

மேலாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதலாளி எங்கள் இருவரோடும் இன்றுவரை பேசுவதில்லை.