லண்டன் அத்தைகளின் வாக்கு

கனடாவின் டோர்வல் விமான நிலையத்துக்கு அருகே டாக்சிக்காரர்கள் கூடும் சோமாலியச் சாப்பாட்டுக் கடையில், டிவியில் பிரிட்டன் தேர்தல் முடிவுகள் ஓடுகின்றன. சோற்றோடு சாப்பிட உரித்த வாழைப்பழம் பலர் கையில் அப்படியே நிற்கிறது.

“இஞ்ச ஒருத்தருக்கும் அங்க வோட்டில்லை. காலமை முழுக்க லண்டன் சொந்தங்களுக்கு போன் அடிச்சு, ‘போட்டாச்சோ’ எண்டு உயிரை வாங்கினவை,” என்று சிரிக்கிறார் என்னை ஏற்றிவந்த யாழ்ப்பாணத்து ஓட்டுநர்.

அந்தச் சொந்தங்களின் தொகுதியில் சோமாலியப் பெண் வேட்பாளர் சொற்ப வாக்குகளில் வெல்கிறார். கடையே துள்ளுகிறது. தன் அத்தையின் வாக்கால்தான் வெற்றி என்று ஆளாளுக்கு மார்தட்டுகிறார்கள்.

ஓட்டுநர் தேநீரை வைத்துவிட்டுத் துள்ளி எழுந்து அவர்கள் பக்கம் போகிறார்.

“எங்கண்ணா கிளம்பிட்டீங்க?”

“என்ர அக்காவும் அந்தத் தொகுதிதான். நானும் காலமை போன் அடிச்சனான்!”